வெள்ளைத் தொப்பிக்குக் கீழே ஒரு வாழ்வு: ஆமிஷ், மென்னோனைட் சபைப் பெண்கள்



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி தன் தாயின் கைப்பேசியில் ஒரு படத்தை நம்மிடம் காட்டினாள். தலையில் வெள்ளைத் தொப்பி, கழுத்துவரை மூடிய நீல உடை, அதன்மேல் ஒரு மேலாடை. குதிரை வண்டியில் ஏறப்போகும் ஓர் இளம்பெண். "ஃபாதர், இவங்க எந்தச் சபை சிஸ்டர்?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற மரியாயின் சேனைப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம மடத்து அம்மா மாதிரிதான் இருக்கு சாமி" என்றார்.

படத்தில் இருந்தவர் துறவி அல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வாழும் ஆமிஷ் குடும்பப் பெண். அந்தச் சிறுமிக்கு நாம் அன்று சொன்ன பதில் சுருக்கமானது. இவர்களோடு உறவுடைய மென்னோனைட் சபையார் நம் இந்திய நாட்டிலேயே நூறாண்டுகளுக்கும் மேலாக வாழ்கிறார்கள் என்பதை அன்று நாம் சொல்லவில்லை. இவர்களுடைய வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டிய ஒரு பாடத்தையும், ஓர் எச்சரிக்கையையும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

யார் இவர்கள்?

1525ஆம் ஆண்டு சனவரி மாதம், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஒரு சிறு குழுவினர் ஒருவருக்கொருவர் மீண்டும் திருமுழுக்குக் கொடுத்துக்கொண்டனர். விவரம் தெரிந்த வயதில் தானாக விரும்பி ஏற்பதே திருமுழுக்கு என்பது அவர்கள் கொள்கை. ஆகவே மற்றவர்கள் அவர்களை 'அனாபாப்டிஸ்டுகள்', அதாவது மறுதிருமுழுக்குக்காரர்கள் என்று அழைத்தனர். ஆயுதம் எடுப்பதில்லை, ஆணையிடுவதில்லை, பகைவரை வெறுப்பதில்லை என்பவையும் அவர்களுடைய உறுதிப்பாடுகள்.

நெதர்லாந்தின் பிரீஸ்லாந்துப் பகுதியில் விட்மார்சும் என்னும் ஊரில் பங்குத்தந்தையாக இருந்த மென்னோ சைமன்ஸ் என்ற கத்தோலிக்கக் குரு, 1536ஆம் ஆண்டு நம் திருச்சபையை விட்டு விலகி இவர்களோடு சேர்ந்தார். சிதறிக் கிடந்தவர்களை ஒருங்கிணைத்தார். அவர் பெயராலேயே 'மென்னோனைட்' என்ற சபைப் பெயர் வந்தது. 1693ஆம் ஆண்டு, சபை ஒழுங்கு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்று வாதாடிய யாக்கோபு அம்மான் என்பவரைப் பின்பற்றிப் பிரிந்தவர்களே ஆமிஷ் மக்கள்.

தொடக்க காலத்தில் இவர்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. சீர்திருத்தச் சபை ஆண்ட நகரங்களிலும் கத்தோலிக்க மன்னர்கள் ஆண்ட நாடுகளிலும் இவர்கள் மூழ்கடிக்கப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். கொல்லப்பட்டவர்களில் பெண்கள் மிகப் பலர். 1539ஆம் ஆண்டு ரோட்டர்டாமில் நீரில் மூழ்கடிக்கப்பட்ட அன்னெக்கன் யான்ஸ் அவர்களில் ஒருவர். கொலைக்களத்துக்குப் போகும் வழியில், பதினைந்து மாதக் கைக்குழந்தையை யார் வளர்ப்பீர்கள் என்று கூடியிருந்தவர்களைக் கேட்டார். ரொட்டி சுட்டு விற்கும் ஒருவர் முன்வந்து அந்த மகனை வாங்கிக்கொண்டார். மகனுக்கு அவர் எழுதிய கடிதத்தை, அச்சபையார் தங்கள் மறைசாட்சிகளின் வரலாற்று நூலில் இன்றுவரை காத்து வருகிறார்கள்.

இந்த வரலாற்றில் நம் பங்கும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1998 முதல் 2003 வரை கத்தோலிக்கத் திருச்சபைக்கும் மென்னோனைட் உலக மாமன்றத்துக்கும் இடையே நடந்த உரையாடலில், பழைய துன்புறுத்தல்கள் நேர்மையோடு பேசப்பட்டன. நம் தரப்பில் மனவருத்தம் தெரிவிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு அவர்கள் சூரிச்சில் ஐந்நூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது, திருத்தந்தை பதினான்காம் லியோ செய்தி அனுப்பினார்.

ஆமிஷ் பெண்ணின் வாழ்வு

ஆமிஷ் மக்கள் இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 4 இலட்சம் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமங்கள், வீட்டுக்கு வெளியிலிருந்து மின்கம்பி வருவதில்லை, கார் வைத்துக்கொள்வதில்லை. ஒரு குடும்பத்தில் ஆறு, ஏழு பிள்ளைகள் இருப்பது வழக்கம். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு நிறைவடைகிறது. இதற்கான உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972ஆம் ஆண்டு ஒரு வழக்கில் அவர்களுக்கு உறுதிசெய்தது.

அப்பெண்களின் அன்றாட வேலைகளைக் கேட்டால் நம் ஊர்த் தாய்மார்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வற்றல், வடகம் போடும் நம் வீட்டுப் பெண்களைப் போல, அவர்கள் கோடையில் விளைந்த காய்கனிகளை நூற்றுக்கணக்கான கண்ணாடிக் குடுவைகளில் பதப்படுத்திக் குளிர்காலத்துக்கு அடுக்கி வைக்கிறார்கள். குடும்பத்தாரின் உடைகளைத் தாங்களே தைக்கிறார்கள். பல பெண்கள் ஒன்றாக அமர்ந்து துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பது அவர்களுக்கு வேலையும் ஆகிறது, மனம்விட்டுப் பேசும் நேரமும் ஆகிறது. அந்தப் போர்வைகளும் அடுமனைப் பண்டங்களும் இன்று சந்தைக்கு வருகின்றன. சொந்தமாகக் கடை நடத்தி வருமானம் ஈட்டும் ஆமிஷ் பெண்கள் பலர் இருக்கிறார்கள்.

ஒரு வீட்டில் மருத்துவச் செலவு வந்தால் சபையே பகிர்ந்துகொள்கிறது. உசிலம்பட்டிப் பக்கம் மொய் விருந்து வைத்துக் கைதூக்கிவிடும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். ஒரே வேறுபாடு: அங்கே திருப்பிச் செய்யக் கணக்கு நோட்டு கிடையாது.

மணப்பெண்ணின் உடையிலும் பகட்டு இல்லை. பெரும்பாலும் நீல நிறத்தில் தானே தைத்துக்கொண்ட உடை, மோதிரம் கிடையாது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில், திருமண நாளில் அணிந்த வெள்ளை மேலாடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அவள் இறந்த நாளில்தான் அது மீண்டும் எடுக்கப்படுகிறது. அதை உடுத்தியே அடக்கம் செய்கிறார்கள். திருமண நாளிலேயே மரண நாளையும் நினைவில் வைக்கும் மக்கள் அவர்கள்.

சபையில் போதிக்கும் பணி ஆண்களுக்கு மட்டுமே. ஆனால் திருமுழுக்குப் பெற்ற பெண்களுக்கும் சபை முடிவுகளில் வாக்கு உண்டு. புதிய போதகராகத் தகுந்தவர் யார் என்று பெயர் சொல்லும் உரிமையும் உண்டு. மற்ற மென்னோனைட் சபைகள் எல்லாம் இப்படி இல்லை. 1911ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஆன் அல்லெபாக், நெதர்லாந்தில் அன்னா செர்னிக்கே என்ற இரு பெண்கள் மென்னோனைட் சபைப் போதகர்களாகப் பொறுப்பேற்றார்கள். ஒரே வேரில் கிளைத்தவர்களிடையே குதிரை வண்டியில் போகும் பெண்ணும் இருக்கிறார். மருத்துவராக, பேராசிரியராகப் பணியாற்றும் பெண்ணும் இருக்கிறார்.

அந்த வெள்ளைத் தொப்பி எதற்கு? புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண்கள் இறைவேண்டல் செய்யும்போது தலையை மூடுவது பற்றிச் சொல்லும் அறிவுரையே அதற்கு அடிப்படை. நமக்கும் இது புதிதல்ல. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் பெண்கள் ஆலயத்தில் தலையை மூட வேண்டும் என்ற விதி இருந்தது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தில் அது இல்லை. ஆயினும் மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துப் பங்குகளில், நற்கருணை வாங்க வரும்போது முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொள்ளும் பாட்டிமாரை இன்றும் காண்கிறோம். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, கை தானாகப் போகிறது.

நம் நாட்டில் மென்னோனைட் பெண்கள்

கடல் கடந்து வந்து கல்விப் பணி செய்த பெண்களை மதுரை மக்களுக்கு நன்றாகத் தெரியும். 1948ஆம் ஆண்டு லேடி டோக் கல்லூரியைத் தொடங்கிய கேட்டி வில்காக்ஸ் அம்மையாரின் பெயர் இந்நகரில் மறக்கப்படாதது. அவர் மென்னோனைட் அல்ல. வேறு சபையைச் சேர்ந்தவர். ஆனால் அவருக்கு முந்தைய தலைமுறையில், அதே உள்ளத்தோடு நடு இந்தியாவுக்கு வந்த மென்னோனைட் பெண்கள் இருந்தார்கள்.

1899-1900ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சம் இந்தியாவின் பல பகுதிகளை வாட்டியது. அந்நேரத்தில் அமெரிக்க மென்னோனைட் சபையார், இன்று சத்தீஸ்கர் மாநிலத்தில் உள்ள தம்தரிக்கு வந்து சேர்ந்தனர். முதல் வேலை, பசித்தோருக்கு உணவளிப்பது. அடுத்தது, பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் காப்பது. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி இல்லங்கள் எழுந்தன. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து மணமுடித்து அமைத்த குடும்பங்களே அங்கு முதல் இந்திய மென்னோனைட் குடும்பங்களாயின. பஞ்சத்தில் தாயை இழந்த சிறுமிகளே அந்தச் சபையின் முதல் தாய்மார் ஆனார்கள் என்று சொன்னால் மிகையாகாது. 1910ஆம் ஆண்டு அங்கு தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவமனை, செவிலியர் பயிற்சியின் வழியாகப் பல பெண்களின் வாழ்வுக்கு வழி திறந்தது.

தம்தரிக்கு வடகிழக்கே சாம்பா, ஜாஞ்ச்கீர் என்ற ஊர்களில் வேறொரு மென்னோனைட் குழுவினர் பணியாற்றினர். அங்கு 1906ஆம் ஆண்டு வந்தவர் அன்னி ஃபங்க். பென்சில்வேனியாவின் பாலி என்ற ஊரில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர். திருமணம் செய்துகொள்ளாமல் தனியாக வந்தார். இந்தி கற்றார். 1908ஆம் ஆண்டு ஜாஞ்ச்கீரில் ஓரறைப் பள்ளி ஒன்றைத் திறந்தார், பதினேழு மாணவியர். பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. ஒவ்வொரு சிறுமியையும் பள்ளிக்கு வரவைக்க எத்தனை வீட்டுப் படி ஏறியிருப்பார் என்பதை, இன்று நம் கிராமங்களில் இடைநின்ற பிள்ளைகளைத் தேடிப் போகும் ஆசிரியைகள் நன்கு உணர்வார்கள்.

1912ஆம் ஆண்டு, தாய் நோயுற்றிருக்கிறார், உடனே வரவும் என்று தந்தி வந்தது. பம்பாய் வரை இரயில், அங்கிருந்து கப்பல், பிறகு இங்கிலாந்து. அவர் பயணச்சீட்டு வாங்கியிருந்த கப்பல் நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் புறப்படவில்லை. கூடுதல் பணம் கட்டி வேறொரு கப்பலுக்கு மாற்றிக்கொண்டார். அந்தக் கப்பலின் பெயர் டைட்டானிக். ஏப்ரல் 12ஆம் நாள் நடுக்கடலில் அவருக்கு முப்பத்தெட்டு வயது நிறைவடைந்தது. மூன்று நாள்களில், ஏப்ரல் 15ஆம் நாள், கப்பலோடு அவரும் மூழ்கினார். உயிர்காக்கும் படகில் தமக்குக் கிடைத்த இடத்தை ஒரு தாய்க்கு விட்டுக்கொடுத்தார் என்று அவர் சபையில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அதைக் கண்ணால் கண்டு எழுதி வைத்தவர் எவரும் இல்லை. ஆனால் அவரை அறிந்தவர்கள் அதை உடனே நம்பினார்கள். அவர் வாழ்ந்த வாழ்வு அப்படிப்பட்டது. ஜாஞ்ச்கீர்ப் பள்ளிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இன்னொருவர் கத்தரீனா ஷெல்லன்பெர்க். மருத்துவம் படித்து 1907ஆம் ஆண்டு அன்றைய ஹைதராபாத் நிஜாம் நாட்டுக்கு வந்தவர். ஆண் மருத்துவர் முன் வரத் தயங்கிய பெண்களுக்கு அவரே மருத்துவர். 1945ஆம் ஆண்டு சம்ஷாபாத்தில் இறக்கும் வரை இந்தியாவிலேயே பணியாற்றினார். இன்று ஹைதராபாத் விமான நிலையம் இருக்கும் அதே சம்ஷாபாத்தான். விமானம் ஏற அங்கே போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வெளிநாட்டுப் பெண்களின் பெயர்களே நூல்களில் மிகுதியாக நிற்கின்றன. அவர்களோடு தோளோடு தோள் நின்ற இந்தியப் பெண்களை, அதாவது வீடு வீடாகச் சென்று இறைவார்த்தையையும் எழுத்தையும் சொல்லிக்கொடுத்த 'வேதாகமப் பெண்களை', வரலாறு அதிகம் பதிவு செய்யவில்லை. அவர்களில் விதவைகள் பலர். இன்று சத்தீஸ்கர், தெலங்கானா, பீகார், மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களில் மென்னோனைட் மரபைச் சேர்ந்த சபைகள் உள்ளன. 1997ஆம் ஆண்டு மென்னோனைட் உலகப் பேரவை கல்கத்தாவில் கூடியது. இந்தியச் சபைப் பெண்கள் தொப்பி அணிவதில்லை; சேலைத் தலைப்பே அவர்களுக்கு முக்காடு.

மன்னிப்பின் இரண்டு முகங்கள்

இச்சபைகளைப் பற்றிப் பேசும் எவரும் மன்னிப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

2006ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில் இருந்த ஓரறை ஆமிஷ் பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவர் நுழைந்தார். அவர் ஆமிஷ் அல்லாதவர். அப்பகுதியில் பால் வண்டி ஓட்டியவர். சிறுவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பத்துச் சிறுமியரைச் சுட்டார். ஐந்து பேர் இறந்தனர். அவரும் தம்மைச் சுட்டுக்கொண்டார். அன்று மாலையே ஆமிஷ் மக்கள் அவருடைய மனைவியின் வீட்டுக்குச் சென்று, உங்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை என்றனர். பிள்ளைகளை அடக்கம் செய்துவிட்டு வந்த பெற்றோர் அவருடைய அடக்கத்திலும் கலந்துகொண்டனர். பின்னாளில், பலத்த காயமடைந்து பிழைத்த சிறுமி ஒருத்தியைப் பராமரிக்க, சுட்டவரின் தாயே வாரந்தோறும் வந்தார். அந்த வீட்டார் கதவைத் திறந்துவிட்டார்கள். இந்த மன்னிப்பு, தாங்களே வலியைச் சுமந்தவர்கள் தாங்களாகக் கொடுத்தது.

மற்றொரு முகமும் உண்டு. தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டில் பழைய ஒழுங்கைக் கடுமையாகக் கடைப்பிடிக்கும் மென்னோனைட் குடியிருப்பு ஒன்று உள்ளது. அங்கு 2005 முதல் 2009 வரை, இரவில் மயக்க மருந்து தெளிக்கப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களும் சிறுமியரும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். காலையில் வலியோடு எழுந்தவர்களிடம், அது பேயின் வேலை என்றும் பெண்களின் கற்பனை என்றும் சொல்லப்பட்டது. குற்றம் செய்தவர்கள் அவர்களுடைய சபை ஆண்களே. 2011ஆம் ஆண்டு ஏழு பேருக்கு 25 ஆண்டுச் சிறைத்தண்டனையும், மருந்து கொடுத்தவருக்கு 12 ஆண்டும் விதிக்கப்பட்டன. அப்பெண்களுக்கு நாட்டு மொழியான ஸ்பானிஷ் தெரியாது. வெளியே போய் யாரிடமும் முறையிட வழியில்லை. மன்னித்துவிட வேண்டும் என்ற நெருக்கடி வேறு. கனடாவில் மென்னோனைட் குடும்பத்தில் பிறந்த மிரியம் தேவ்ஸ், 2018ஆம் ஆண்டு இதை அடிப்படையாக வைத்து ஒரு நாவல் எழுதினார். 2022ஆம் ஆண்டு அது திரைப்படமாகவும் வந்தது.

இரண்டு இடத்திலும் எளிய உடை, முக்காடு, பணிவு எல்லாம் ஒன்றுதான். ஓரிடத்தில் மன்னிப்பு உயிர் கொடுத்தது. மற்றோரிடத்தில் அதே சொல் குற்றவாளிக்குத் திரையானது. காயப்பட்டவர் கொடுத்தால் அது மன்னிப்பு. காயப்பட்டவரிடமிருந்து மற்றவர்கள் பிடுங்கினால் அது இன்னொரு காயம்.

நம் பங்கில்...

இதை எழுதும்போது நம் மனச்சான்றும் நம்மைக் குத்துகிறது. பல ஆண்டுகளுக்கு முன், நாம் பங்குத்தந்தையாக இருந்த ஓர் ஊரில், முதல் வெள்ளி ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு தாய் தயங்கி நின்றார். முக்காட்டை விலக்கியபோது கன்னம் வீங்கியிருந்தது. கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார் என்றார். "பொறுத்துப் போங்கம்மா, மன்னிச்சிருங்க, செபம் பண்ணுங்க, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லி, சிலுவை அடையாளமிட்டு அனுப்பிவைத்தோம். நல்ல அறிவுரை சொன்னதாகவே நினைத்தோம்.

சில மாதங்கள் கழித்து, கை எலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்த அவரைப் பார்க்கப் போனோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "சாமி, அன்னைக்கு நீங்க அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை இன்றுவரை நம்மை விடவில்லை.

மன்னிப்பைப் போதிப்பது நம் கடமை. ஆனால் அடி வாங்குபவருக்கு மட்டும் மன்னிப்பைப் போதித்து, அடிப்பவருக்கு மனமாற்றத்தைப் போதிக்காமல் விட்டால் நாம் பாதி நற்செய்தியைத்தான் அறிவிக்கிறோம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டு நம் நாட்டில் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 181 என்ற பெண்கள் உதவி எண் உண்டு. அனைத்து மகளிர் காவல் நிலையங்களும் உண்டு. அவற்றை நாடுவது விசுவாசக் குறைவு அல்ல. பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகும் மன்னிக்கலாம். அப்போதுதான் அது அவராகக் கொடுத்ததாக இருக்கும்.

அன்பியக் கூட்டங்களில் இவ்வாரம் சிந்திக்கச் சில கேள்விகளை முன்வைக்கிறோம்.

நம் வீட்டுப் பெண்களின் பணிவு அவர்களாகத் தேர்ந்துகொண்டதா, வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டதா?

பங்குப் பேரவையில், அன்பியத்தில், பெண்கள் பேசும்போது நாம் காது கொடுக்கிறோமா? அல்லது பாயை விரிக்கவும் தேநீர் கொடுக்கவும் மட்டும் அவர்களைத் தேடுகிறோமா?

நம் தெருவில் அடி வாங்கும் ஒரு பெண் இருக்கிறாரென்றால், அந்த வீட்டுக் கதவை முதலில் தட்டப்போவது யார்?

அந்த மறைக்கல்வி மாணவிக்கு அடுத்த ஞாயிறு முழுப் பதிலையும் சொல்லலாம் என்றிருக்கிறோம். படத்தில் இருப்பவர் சிஸ்டர் இல்லையம்மா. வேறொரு சபையில் நமக்கு அமைந்த சகோதரி. அவரிடமிருந்து எளிமையையும், அன்னி ஃபங்க்கிடமிருந்து துணிவையும் கற்றுக்கொள். யாராவது உன்னைக் காயப்படுத்தினால் மட்டும் வாய் மூடி இருக்காதே; நேரே வந்து சொல். இந்த முறை நாங்கள் கேட்போம்.

இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.